மயில் கோழியான காலை

கதவைச் சரிசெய்ய வந்த தச்சர் விட்டுப்போன மரத்தூள் மழையில் நனைந்திருந்தது. அள்ளக் குனிந்தவள், அந்த ஈர வாசனையில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நமக்குக் கல்யாணமான வருஷம், இந்தத் தங்கச் சுரங்கத்து ஊரின் சாம்பியன் ரீப்ஸ் மைதானத்தில் சாக்கைப் பிரித்து, உருகாமலிருக்க மூடிய மரத்தூளைத் தட்டி, ஐஸ் பாளங்களை லாரியிலிருந்து இறக்கினீர்களே, அதே வாசனை.

அப்போது நான் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து மூன்று மாதம். ஒற்றை அறை வீடு, சுரங்கத்துச் சங்கு, தெரியாத முகங்கள். உங்களோடுகூட அளந்துதான் பேசுவேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் திரும்பமாட்டேன் என்று சொன்னபோது நீங்கள் கோபிக்கவில்லை.

"சரி. போறதுக்கு முன்ன ஐஸ் பொம்மைத் திருவிழாவைப் பாத்துட்டுப் போ."

"அதுல நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"மயில் செய்யப் போறேன். வருஷம் பூரா கீழ வெந்துக்கினு கெடக்கறோம். ஒரு நாளாவது கை குளிரட்டுமே."

அந்த டிசம்பர் காலையில் பேச வாய் திறந்தால் புகை வந்தது. நந்திதுர்க் சுரங்கத்து ஆட்கள் ஒரு கோயில் கோபுரம் செதுக்கினார்கள். பாலகாட் சுரங்கத்துக்காரர்கள் ஒரு மீன். நீங்களும் உங்கள் ஷிப்ட் கூட்டாளிகள் இருவரும் உளியும் சுத்தியுமாக மயிலைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். கழுத்து வந்தது, கொண்டை வந்தது. விரித்த தோகைக்குள் வெயில் புகுந்தபோது கூட்டமே 'அடேயப்பா' என்றது. இன்னும் கொஞ்சம் மெல்லிசாக்கலாம் என்று நீங்கள் ஒரு தட்டுத் தட்டினீர்கள். தோகை மொத்தமும் மளுக்கென்று முறிந்து தரையில் சிதறியது.

பரிசு முடிவு செய்பவர்கள் இரண்டு பொம்மை தள்ளி நின்றிருந்தார்கள். கூட்டம் சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடினீர்கள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"கோழிங்க! கோழியாக்கிடுங்க!"

கத்தியது நான்தான் என்பது எல்லோரும் திரும்பிப் பார்த்த பிறகே எனக்குப் புரிந்தது.

"கேட்டுக்கினீங்களாடா? கோழியாம்! எம் பொண்டாட்டி சொல்லிட்டா!" என்று நீங்கள் போட்ட சத்தம் ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும். பத்தே நிமிடத்தில் வாலை ஒட்ட நறுக்கி, வயிற்றை உருட்டி, உடைந்த துண்டுகளை முட்டைகளாக்கி அடியில் வைத்தீர்கள். பரிசு கோபுரத்துக்குப் போனது. ஆனால் குழந்தைகளெல்லாம் நம் கோழியைத்தான் சூழ்ந்து நின்றார்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இந்த ஊரில் அதுதான் என் முதல் சிரிப்பு.

பொங்கலுக்குப் போனேன். நாலாம் நாளே ரயிலேறிவிட்டேன். கடிதம்கூடப் போடவில்லை. ஸ்டேஷனில் நீங்கள் நின்றிருந்தீர்கள்.

"நான் வர்றது எப்படித் தெரியும்?"

"தெரியாது. தெனமும் வந்து பாத்தேன்."

நீங்கள் போய் ஒன்பது வருஷமாகிறது. அன்று திறந்த வாயை நான் இன்னும் மூடவில்லை. நேற்று பெங்களூர் ரயிலில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி நின்றுகொண்டிருந்தாள், யாரும் எழுந்திருக்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் மூன்று பேர் எழுந்தார்கள். முதல் இடத்தில் அவளை உட்காரவைத்து, இரண்டாவது இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன்.