நாற்பத்தாறு சென்ரிமீற்றர் பனி

பெப்ரவரி 12

அன்புள்ள மகன் ஜோனாசுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் குளிரோடு தனியாக ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறது. நீயும் மருமகள் மிதுனாவும் ஸ்தவாங்கரில் நலமாக இருக்கவேண்டும் என்பதே எங்கள் செபம். தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். மூன்று முறை உன்னை அழைத்தேன், மூன்று முறையும் காலநிலையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால் பிழையை வெட்டித் திருத்தலாம். இது நான்காவது தாள்.

சீமாட்டி போனபின் மீதி இரண்டு ஆடுகளும் பக்கத்துப் பண்ணைக்காரர் டானியலின் தொழுவத்தில் நிற்கின்றன, வைக்கோல் நன்றாகத் தின்கின்றன. போன கிழமை தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது, அம்மா தலைமயிர் உலர்த்தியைக் கொண்டுவந்து ஒரு மணி நேரம் குழாய்க்குச் சூடு காட்டினார். ஒஸ்லோவில், வெஸ்ட்லியில் ஒன்பதாம் மாடியில் இருந்த காலத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பதை நான் ஒரு வரமாக எண்ணியதில்லை. ஓய்வு பெற்றபின் ஒஸ்லோவை விட்டு இந்தச் சின்னப் பண்ணைக்கு வந்தது சரிதானா என்று அன்று அம்மாவைக் கேட்டேன். ‘குழாயைப் பிடியுங்கோ, பிறகு யோசிக்கலாம்’ என்றார்.

மிதுனா அம்மாவுடன் கதைத்ததாக அறிந்தேன். நீ ஒழுங்காக நித்திரை கொள்வதில்லை என்றும், ஆட்டுக் கொட்டிலின் படத்தைத் திரும்பத் திரும்ப வரைகிறாய் என்றும், ‘கடலுக்குள்ளை எண்ணெய் மேடை கட்டுறன், அப்பாவுக்கு ஒரு கொட்டில் கட்டிக்குடுக்கத் தெரியேல்லை, நான் போட்ட கூரைதான் சீமாட்டியைக் கொன்றது’ என்று சொல்லிச் சிரிக்கிறாய் என்றும் சொன்னாளாம். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பில்லை என்றும் சொன்னாளாம். ஆகையால் நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

ஜனவரி 20, திங்கட்கிழமை. இரண்டு மாதமாக ஆடுகள் பச்சையைக் காணவில்லை என்ற கவலை எனக்கு. வீட்டு முன்பக்கத்தில் பழைய சொந்தக்காரர் நட்ட பற்றையை நீ கண்டிருக்கிறாய், எல்லாம் வெள்ளையாகக் கிடக்க அது மட்டும் பலா இலைபோலத் தடித்துப் பளபளத்துக்கொண்டு நின்றது. ஊரில் வேலியில் எந்தக் குழையை வெட்டிப் போட்டாலும் ஆடு தின்னும், பலாக் குழை என்றால் பாய்ந்து தின்னும். கை பழக்கத்தில் போய்விட்டது. ஒரு கட்டு வெட்டிக் கொட்டிலுக்குள் கட்டித் தொங்கவிட்டேன். சீமாட்டியின் குணம் உனக்குத் தெரியும், மற்ற இரண்டையும் இடித்துத் தள்ளிவிட்டு முக்கால்வாசியைத் தானே தின்றாள். பின்னேரம் வாயால் நுரை தள்ளி முனகினாள். குளிர் பிடித்துவிட்டது என்று நினைத்துச் சாக்கால் போர்த்தினேன். மிருக வைத்தியரை அழைக்க அம்மா சொன்னார், சிறிய விடயத்துக்கு ஆட்களைத் தொந்தரவு செய்வதா என்று நான் தயங்கினேன். செவ்வாய் காலை ஏழு மணிக்கு இறந்து கிடந்தாள்.

அன்று காலை பனியை அளந்தேன், குறிப்புக் கொப்பியில் இருக்கிறது, கூரையில் நாற்பத்தாறு சென்ரிமீற்றர். நாற்பதுக்கு மேல் விடவேண்டாம், தள்ளிவிடுங்கள் என்று நீ கூரைச் சட்டத்திலேயே பென்சிலால் எழுதிவைத்திருந்தாய். நான் அளந்தேன், எழுதினேன், தள்ளவில்லை. மற்ற இரண்டையும் வெளியே கட்டிவிட்டு வந்து சீமாட்டியின் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு மழை தொடங்கிப் பனி ஊறிப் பாரமாகியது. தேநீர் குடிக்க அம்மா கூப்பிட, எழும்பி வீட்டுக்குள் போன கொஞ்ச நேரத்தில் கூரை இறங்கியது. கூரை விழுந்ததால் ஆடு சாகவில்லை மகன். ஆடு செத்ததால்தான் கூரை விழுந்தது.

தகரத்தைத் தூக்க வந்த டானியல் தொங்கிய குழையைக் கண்டு நின்றுவிட்டார். ரோடோடென்ட்ரன், ஆட்டுக்கு நஞ்சு, இங்கே எல்லோருக்கும் தெரியும் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்றார். முப்பது வருடம் பாடசாலை ஆய்வுகூடத்தில் போத்தல்களுக்குப் பெயர் ஒட்டிய நான் ஒரு இலையின் பெயரைக் கேட்கவில்லை. அன்று பின்னேரம் நீ அழைத்தபோது அம்மா ‘கூரை விழுந்திட்டுது, சீமாட்டியும் போயிட்டாள்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நீ இரண்டையும் சேர்த்துக்கொண்டாய். நான் பக்கத்தில் நின்றேன், பேசவில்லை. இலையைப் பற்றி அம்மாவுக்கே நேற்றுத்தான் சொன்னேன், ‘எனக்கேன் சொல்லுறியள், அவனுக்கெல்லோ சொல்லவேணும்’ என்று கடிதத்தாளை எடுத்துத் தந்தார்.

வெஸ்ட்லியில் உனக்கு ஒன்பது வயதில் மீன்தொட்டி இருந்தது நினைவிருக்கிறதா. சூடேற்றியின் வயரைக் கழற்றிவிட்டு உன் வீடியோ விளையாட்டுப் பெட்டியைச் செருகினாய், மீன்கள் எல்லாம் செத்தன, தான் தண்ணீர் மாற்றியதால்தான் என்று அம்மா அழுதார். நான்காம் நாள் நீ சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு என்னிடம் வந்து சொன்னாய். எனக்கு இருபத்துமூன்று நாள் சென்றிருக்கிறது. போன ஆடியில் நீ கூரையில் நின்று கை நீட்ட நான் கீழே நின்று ஆணி எண்ணிக் கொடுத்த அந்த மூன்று கிழமையும் எனக்கு வெஸ்ட்லிக் காலம் திரும்பி வந்ததுபோல இருந்தது. அதை இழந்துவிடுவேனோ என்ற பயத்தில்தான் வாய் திறக்கவில்லை என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

மிதுனாவுக்கும் இதை வாசிக்கக் கொடு. நேரத்துக்குச் சாப்பிடு, படம் வரைவதை நிறுத்திவிட்டுப் படு. கூரைக்கு நீ பிடித்த அளவு சரி, நான்கு சுவரும் நேராகவே நிற்கின்றன, தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தேன். உயிர்த்த ஞாயிறுக்கு வருவாய் என்று அம்மா இப்போதே மிளகாய்த்தூள் இடிக்கச் சொல்லிவிட்டார், மறவாதே. அந்தப் பற்றையை நான் இன்னும் வெட்டவில்லை, எனக்குத் தனியாக அதன் கிட்டப் போக மனமில்லை. மீன்கள் செத்த அன்று நான் உன்னை ஏசவுமில்லை, அணைக்கவுமில்லை, தொட்டியைக் கழுவுவோம் வா என்று மட்டும் கூப்பிட்டேன். வந்ததும் நீயும் என்னை அந்த அளவு கூப்பிட்டால் போதும்.

மடுமாதா உங்கள் இருவரையும் காப்பாராக.

உன் அப்பா
ஞானரட்ணம்