கூறை மாற்றும் அறை

அன்பு மகள் தர்சினிக்கு,

அப்பாவும் நானும் இங்கே சுகம். எங்கள் மேய்ஸ் ஹில் கோயில் முருகன் துணையில் நீயும் மாப்பிள்ளைத் தம்பியும் லண்டன் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும். அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான், சொன்னால் டொக்டரிடம் போகிற ஆளா அவர். இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

நீ இன்டர்நெட்டில் படம் பார்த்துக் கலியாணத்துக்குத் தெரிவு செய்த அந்தப் பழைய மாளிகைக்கு ஞாயிற்றுக்கிழமை என் தம்பி, உன் சிறிதரன் மாமாவோடு போனேன். வாசல் தூண்களைக் கண்டதுமே எனக்கு இடம் பிடிபட்டது. நீ பிறக்க முந்தி, இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அப்பாவும் நானும் மாமாவும் எட்டு மாதம் கிடந்த அகதி விடுதி அதுதான் பிள்ளை. சுவரில் மாளிகையின் சரித்திரம் என்று பெரிய பலகை. ஆட்டுப்பண்ணைக்காரன் கட்டினானாம், பிறகு காசநோய் ஆஸ்பத்திரியாம், பிறகு அநாதைப் பிள்ளைகள் இருந்ததாம், இப்போது கலியாண மண்டபமாம். பண்ணைக்காரனின் குதிரைக்குக்கூடப் பெயர் போட்டிருக்கிறார்கள், எங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. இருபத்துமூன்று பேருக்கு ஒரு கக்கூசு, மூத்திரம் நாறும் மெத்தை, சோற்றுக் கோப்பையில் கரப்பான், எல்லாவற்றையும் வெள்ளையடித்து மூடிவிட்டு வாசனை மெழுகுதிரி கொளுத்தி வைத்திருக்கிறார்கள். அதைவிடச் சீ என்று போனது உன் மாமாவால். கீழே ஒரு சின்ன அறையைக் காட்டி, அக்கா, பிள்ளைக்குக் கூறைச்சேலை மாத்த இதுதான் தோதான இடம், நல்ல வடிவாயிருக்கு என்கிறார். அந்த அறையில்தான் வந்த அன்றைக்கே பெண்களை உடுப்பைக் கழற்றச் சொல்லி வரிசையாக நிறுத்தி, தலையில் பேன் மருந்து கொட்டி, இடுப்பு வரை இருந்த என் தலைமயிரை ஒட்ட வெட்டினார்கள். நான் குழறி அழுத சத்தத்தைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டவர் அவர். மண்டபத்துப் பெண் சிரித்துக்கொண்டு, முந்தி இங்கே வந்திருக்கிறீர்களா என்று கேட்டாள். மாமா முந்திக்கொண்டு நோ நோ என்றார். இல்லையென்று தலையாட்டினது நானும்தான். வீட்டுக்கு வந்து இரண்டு தரம் முழுகியும் என்மேலேயே எனக்கு அருவருப்புப் போகவில்லை. மானம் போகும் என்று உனக்குச் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்தோம், நீ ஊரெல்லாம் தேடி அதையே பிடித்தாய். பிழை எங்களுடையது.

இடத்தை மாற்று, பிள்ளை. நீ மாட்டேன் என்றாலும் கலியாணத்தை நிறுத்தமாட்டேன், வருவேன். ஆனால் அந்த அறையில் உனக்குக் கூறை கட்டிவிட என் கை வராது.

நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் ஒளிவுமறைவில்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். வெள்ளிக்கிழமைக்கிடையில் பதில் சொல்லு, மறக்காதே. அன்றைக்குத்தான் மண்டபத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். முந்தி இங்கே வந்திருக்கிறீர்களா என்று அந்தப் பெண் திரும்பவும் கேட்டால், இந்த முறை நான் ஓம், இருந்தோம் என்றுதான் சொல்லுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
தவநாயகி