மூச்சு பார்க்கிற வேலை

1934 ஆவணி, ஞாயிறு இரவு.

இந்த முனிசாமியோடு பெரிய பேஜார். குடியை விட்டவர்கள் சேர்ந்து நடத்துகிற எங்கள் சங்கத்துக்கு மூன்று மாதம் முன்னால் சட்டம் எழுதினோம். குடிக்கவில்லை என்று ஒருத்தன் சொன்னால் நம்ப வேண்டும், அதுதான் முதல் சட்டம். எழுதினதே நான்தான். முனிசாமியின் கைநாட்டும் அதில் இருக்கிறது.

இன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து, "வாயால சொன்னா இன்னாத்த நம்புறது? ஒவ்வொருத்தனும் ஊதிக் காட்டட்டும்" என்றான். எல்லாரும் கை தூக்கிவிட்டார்கள்.

சரி, யார் மோந்து பார்ப்பது? சங்கத்தில் எல்லாரும் தோல் பதனிடுகிற தோல்ஷாப் ஆட்கள்; சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவர்களுக்கு மூக்கு செத்துப்போய் வருஷக்கணக்காகிறது. அங்கே மேஜையில் உட்கார்ந்து எழுதுகிற குமாஸ்தா நான் ஒருத்தன்தான். "உங்களுக்குத்தாங்க மூக்கு நல்லா இருக்குது" என்று முனிசாமி என்னை வாசலில் நிறுத்திவிட்டு, எல்லாரையும் வெளியே போய்த் திரும்பி வரச் சொன்னான். நானும் குடியை விட்டு ஐந்தே மாதம் ஆனவன் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

வெட்கங்கெட்ட வேலை. வெற்றிலை, பீடி, பச்சை வெங்காயம் என்று பத்து வாயை மோந்தேன். கடைசியாக ஏசுதாஸ் வந்தான். "குடிக்கலீங்க" என்று சொல்லிவிட்டு ஊதினான். கள்ளு. சந்தேகமே இல்லை.

"இன்னாங்க, குடிச்சிருக்கானா?" என்றான் முனிசாமி பின்னாலிருந்து.

"சரியாத் தெரியலை" என்றேன். "இன்னொரு தரம் ஊதுப்பா."

நாலு தரம் ஊத வைத்தேன். நாலு தரமும் மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டேன்.