மருந்து போடாத குழாய்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் என் ரத்தம்தான். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எந்த மருந்தைச் சோதித்தாலும் பக்கத்தில் மருந்து போடாத குழாய் ஒன்று வேண்டும். கண்ட்ரோல் என்போம். மூன்று மாதமாக இரண்டு குழாய்க்கும் நானே கை நீட்டுகிறேன். ஊசிக்குப் பயப்படாத ஒரே ஆள் என்று பெருமை வேறு. ‘பத்து நாளாக எந்த மருந்தும் சாப்பிடவில்லை’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன், வழக்கம்போல் வாசிக்காமல்.

இந்த மூன்று மாதமும் சோதிக்கிற மருந்துக்கு எண் மட்டும்தான்: 31. பெயர் ஆய்வுக்கூடத் தலைவியான மேடத்தின் கோப்பில் இருக்கிறது. இரண்டு நாள் உடல் சூட்டில் வைத்துவிட்டு எண்ண வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

31 போட்டதில் நூற்றுக்கு இருபது சிவப்பணு சாகிறது. போடாததில் பத்தொன்பது. “சும்மா வெச்சதே இவ்வளவு சாகுதே,” என்றார் எந்திரக்காரர். அவர்தான் எண்ணும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர். “ரெண்டு நாள் வெளிய கிடந்தா நீங்களும்தான் சாவீங்க,” என்றேன். சிரித்தோம். அறிக்கையை முடித்துவிட்டேன்: தீங்கில்லை. 21ஆம் தேதி கம்பெனிக்குப் போகிறது. அதன்பின் கடைக்கு.

மார்ச் 10, திங்கள்

தலைவலி. லீவு.

மார்ச் 12, புதன்

திங்களன்று நான் இல்லாததால் எந்திரக்காரர் தன் கையிலிருந்தே எடுத்து வைத்திருக்கிறார். இன்று எண்ணினோம். அவருடைய சும்மா குழாயில் நூற்றுக்கு இரண்டு. 31 போட்டதில் இருபத்தெட்டு.

இருபத்தெட்டு!

மேடம் நம்பவில்லை. “ஒருத்தர் ரத்தத்த வெச்சு மூணு மாச வேலைய மாத்த முடியாது. உங்க ரெண்டு பேரோடதையும் சும்மா வெச்சுப் பாருங்க.” அவரே எங்கள் இருவரிடமும் ரத்தம் எடுத்தார். ஒரே தட்டு, ஒரே பெட்டி.

மார்ச் 14, வெள்ளி

எந்திரக்காரருடையது இரண்டு. என்னுடையது பத்தொன்பது.

“உங்க குழாய்ல மருந்து எதுவும் தவறி விழுந்துடுச்சா?” என்றார் எந்திரக்காரர்.

“இல்ல. மேடம்தானே எடுத்தாங்க.”

“அப்ப எங்கேர்ந்து வருது?”

திரையில் என் அணுக்கள் புள்ளி புள்ளியாக, சாகும் அணுக்கள் சேரும் வலது ஓரத்துக்கு நகர்ந்து நின்றன. வரிசை கட்டிய மாதிரி. சிவப்பணுவுக்கு உட்கருகூடக் கிடையாது. ஆனாலும் நஞ்சு பட்டால் ஏதோ உத்தரவு வந்ததுபோல் சுருங்குகிறது, உட்புறக் கொழுப்பை வெளிப்புறம் திருப்பிக் காட்டுகிறது. விழுங்கும் அணுக்களுக்கு அது அழைப்பு: வா, என்னைத் தின்னு. வெடிப்பில்லை, சத்தமில்லை. இதை எத்தனையோ அறிக்கையில் எழுதியிருக்கிறேன். இன்று என் ரத்தத்தைப் பற்றி எழுதுகிறேன்.

இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே கனமாக இருக்கிறது. அங்கே, மண்ணீரலில்தான் தின்பது நடக்கும். இப்போதும் நடக்கிறதா? என்னிடம் கேட்காமல், நான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே?

மார்ச் 15, சனி

அக்கா வந்தாள். “என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க? மூஞ்சில சொட்டு ரத்தமில்ல.” கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே வெளுப்பு. பாவம், பயந்துவிட்டாள்.

அவள் போனபின் நான் வாயில் போடுவதையெல்லாம் பட்டியல் எழுதினேன். சோறு, காபி, தண்ணீர். கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்தால் தலைவலி மாத்திரை அட்டை. தினம் இரண்டு. ஏழு மாதமாக.

இதையெல்லாம் மருந்து என்று யார் நினைப்பார்கள்? நான் நினைக்கவில்லை. பதிவேட்டில் பன்னிரண்டு கையெழுத்து இருக்கிறது. பொய்க் கையெழுத்து.

மார்ச் 16, ஞாயிறு

எந்திரக்காரர் பெட்டியின் சூட்டைச் சந்தேகப்படுகிறார். அப்படியே விட்டுவிடலாமா? விட்டால் என் வேலை தப்பும். 31 கடைக்குப் போகும், என் கையெழுத்தோடு. யார் யாரோ வாங்கி விழுங்குவார்கள். சீ, நான் ஒரு மனுஷியா? — தலை வலிக்குது. கை பைக்குத்தான் போகுது.

மார்ச் 17, திங்கள்

சொல்லிவிட்டேன்.

அட்டையை மேடத்தின் மேசையில் வைத்தேன். பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு எழுந்து அலமாரியிலிருந்து கோப்பை எடுத்து 31க்கான பக்கத்தை என் பக்கம் திருப்பினார். அதே பெயர். அளவு மட்டும் இரண்டு மடங்கு.

ஆக, மூன்று மாதமாக நான் மருந்தை மருந்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

“இன்னைக்கும் சாப்பிட்டீங்களா?”

“காலைல ஒண்ணு.”

மேடம் தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். அவருக்கே தெரியாமல் செய்திருப்பார்.

மார்ச் 18, செவ்வாய்

அறிக்கையை நிறுத்திவிட்டார்கள். என்னையும்.

ஏப்ரல் 28, திங்கள்

மாத்திரையை விட்டு ஆறு வாரம். மேடம் போனில் கூப்பிட்டார், ஒரு தடவை ரத்தம் வேண்டுமாம். போனேன். அதே நாற்காலி. எந்திரக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். கையெழுத்துக்குப் பதிவேடு எதுவும் நீட்டவில்லை. வேறொரு தாள் வைத்திருந்தார்.

“எத்தனை மாசம் சாப்பிட்டீங்க?”

“ஏழு.”

“ஒரு நாளைக்கு?”

“ரெண்டு.”

எழுதிக்கொண்டார். மருந்து எதையும் ஊற்றாமலே குழாயில் 31 என்று ஒட்டி, சூட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினார். புதன்கிழமை எண்ணுவார்கள்.