வெயில் பட்டால் வேலை செய்கிற மருந்து

எறும்புக்கும் வழிவிட்டு நடந்த என் நைனாவுக்கு,

செஞ்சியில் நம் தெருவில் இரண்டு வீட்டுக்கு டி.வி. வந்துவிட்டது. அம்மா நன்றாக இருக்கிறாள். நான் சென்னையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் உன்னிடம் சொல்ல வந்த சேதி வேறு. நைனா, நான் கொன்றுவிட்டேன். மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை, சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

உன் நாக்கில் வந்த புற்றை நான் மறக்கவில்லை. வெற்றிலைகூடப் போடாத வாய் அது. கடைசி மாதங்களில் ஒரு டம்ளர் கஞ்சி குடிக்க உனக்கு மத்தியானம் முழுக்க ஆகும். நம் ஜைனக் குடும்பங்களில் பொழுது சாய்ந்தால் வாயில் எதுவும் வைப்பதில்லை. வெயில் ராஜகிரிக்குப் பின்னால் இறங்கியதும் பாதி டம்ளரைக் கீழே வைத்துவிடுவாய்.

"நைனா, மலைக்குப் பின்னாலதான் போயிருக்குது. இன்னும் பொழுது போவல. குடி" என்று கெஞ்சுவேன்.

"கண்ணுக்குத் தெரியலன்னா போயிடுச்சுன்னுதான் அர்த்தம். எடுத்துட்டுப் போம்மா" என்பாய்.

அந்தப் பாதி டம்ளர்களை நான்தான் எடுத்துப் போனேன். நீ நோயில் போனாய் என்கிறார்கள். பட்டினியில் போனாய் என்கிறேன் நான். அந்தப் புற்றைப் பழிவாங்குவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் கருஞ்சிவப்பாக ஒரு மருந்து இருக்கிறது. இருட்டில் அது பரம சாது. ரத்தத்தில் ஓடுகிற கொழுப்போடு ஒட்டிக்கொண்டு செல்லுக்குள் போகும். வளர வேண்டும் என்ற பேராசையில் புற்றுச்செல் அந்தக் கொழுப்பை அள்ளி அள்ளி விழுங்கும். நல்ல செல் மருந்தைச் சீக்கிரம் வெளியே விட்டுவிடும், இது விடாது. செல்லின் மேல்தோலிலும், உள்ளே அதற்குச் சக்தி கொடுக்கிற இடங்களிலும் மருந்து போய் உட்கார்ந்துகொள்ளும். வெளிச்சம் பட்டதுதான் தாமதம், பக்கத்திலிருக்கிற பிராணவாயுவுக்கு வெறி ஏற்றிவிடும். அந்த வெறி கண் இமைக்கும் நேரம்கூட நிற்காது. அதற்குள் தொட்டதையெல்லாம் அரித்துவிடும். உன்னைத் தின்ற சனியன் தன் பேராசையாலேயே சாக வேண்டும். இதைவிட நியாயம் உண்டா?

இதை நான் கண்ணால் பார்த்தது ஒரு தப்பால்தான். யாரோ ஒருவர் வாயிலிருந்து எடுத்து, கண்ணாடித் தட்டுகளில் வளர்த்த புற்றுச்செல்கள். பாதித் தட்டுகளில் மருந்து விட்டிருந்தோம். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம். சாயங்காலம் வயிறு கிள்ளியது. பொழுது இருக்கிறதா என்று பார்க்க, காகிதத்தின் ஒரு பக்கத்தைப் பிரித்தேன், வீட்டில் மலையைப் பார்ப்பேனே அந்தப் பழக்கம். பொழுது இருந்தது. வெளியே போய் டிபன் டப்பாவைக் கையில் எடுத்த பிறகுதான் காகிதத்தைத் திரும்ப ஒட்டாதது நினைவுக்கு வந்தது.

ஓடினேன். மேற்கு வெயில் தட்டுகள் மேல் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வார வேலைம்மா! இன்னா பொண்ணு நீ!"

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். மருந்து விடாத தட்டுகளை வெயில் ஒன்றும் செய்யவில்லை. மருந்து குடித்தவை கொப்புளம் கொப்புளமாக வீங்கி, ஒவ்வொன்றாக உடைந்தன. பார்த்துக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்தபோது பொழுது போயிருந்தது, டப்பாவைத் திறக்கவே இல்லை. பட்டினி எனக்கு அவ்வளவு இனித்ததே இல்லை.

வெளிநாட்டில் நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்க்கிறார்கள். ஊசி போட்டவர்கள் வாரக்கணக்கில் வெயிலில் வரக்கூடாதாம். உன்னை இருட்டறையில் உட்கார வைத்திருந்தால் எப்படிச் சாப்பிட்டிருப்பாய், நைனா?

போன மாதம் அம்மாவோடு மேல்சித்தாமூர் கோயிலுக்குப் போனேன். வருஷத்துக்கு ஒரு நாள் எல்லா உயிர்களிடமும் மன்னிப்புக் கேட்போமே, அதற்காக. திரும்பும்போது பஸ்ஸில் அம்மா கேட்டாள், "எல்லாத்துகிட்டயும் கேட்டியா?"

"ஒண்ணைத் தவிர."

எதை என்று அவள் கேட்கவில்லை. சொன்னாள், "நானும்தான் கேக்கல. ஒரு வருசமும் கேட்டதில்ல."

அந்தப் புற்றும் ஒரு உயிர்தான் என்பாய், தெரியும். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன்னைப் போல் ஒருவர் இந்த மருந்தால் குணமாகி, டம்ளர் கஞ்சியை முழுசாகக் குடித்துவிட்டு வெயில் இருக்கும்போதே வாய் கழுவட்டும். அன்றைக்கு வந்து அதனிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அதுவரைக்கும் மாட்டேன்.

பாதி டம்ளரை எடுத்துப் போன,
உன் கடைக்குட்டி பத்மா