மழை நாளுக்கு ஒரு சொடுக்கு

அக்கா,

காப்பி அரைக்கும் மிஷினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மேல் வளையத்தைத் திருகி எடுத்ததும் வாடை வந்தது. புதுக் காப்பியின் வாசம் இல்லை அது. மிஷினின் பல்லிடுக்கில் தங்கிப் பழசாகிப்போன எண்ணெய் வாடை. நாள் கணக்கில் அலசாமல் விட்ட தலைமுடி போல. இந்த வாடை வந்தால் மிஷின் நம்மைக் கூப்பிடுகிறது என்பீர்கள். கூப்பிட்டது, கழற்றிவிட்டேன். இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று பின்பக்கம் எழுந்து போனேன். போன பிறகுதான் உறைத்தது.

உங்கள் வீட்டில் இப்போது நம் செங் பக்கத்து ஃபேக்டரியில் வேலை செய்யும் பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஷிஃப்ட் வேலை. பகலில் தூங்குகிறார்கள். பின்கதவைத் திறப்பதே இல்லை. நீங்கள் மெல்பர்னில் கண்ணை மூடிய பிறகு இது இரண்டாவது மழைக்காலம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கூடக் குறைய இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். புலாவ் செபாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம் நாங்கள். நீங்களோ ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்புப் போட்டு ஸ்டாஃப் நர்ஸாக இருந்த யாழ்ப்பாணத்து அம்மா. என் மகன் செங்கில் வீடு வாங்கி நாங்கள் குடிவந்தபோது, பக்கத்து வீட்டில் யார் என்று விசாரித்துவிட்டு, இவர்கள் நம்மிடம் எங்கே பேசப்போகிறார்கள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு வருஷம் போல வணக்கத்தோடு நின்றுவிட்டது நம் பழக்கம். உங்கள் சமையலறையிலிருந்து ரம்பம் அறுப்பது மாதிரி ஒரு சத்தம் தினமும் காலையில் கேட்கும். இந்த அம்மா தனியாக இருந்துகொண்டு என்னத்தை அறுக்கிறார் என்று பார்க்கத்தான் ஒரு நாள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடும் லோங்காங் சாக்கடையைத் தாண்டி வந்தேன்.

உங்கள் மகன் மெல்பர்னிலிருந்து லீவுக்கு வந்தபோது தனக்காகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன சாமான்கள் அவை. ஒன்று கொட்டை அரைப்பது, இன்னொன்று எஸ்பிரெசோ போடுவது. நம் ஊர்க் காப்பி அவருக்கு இறங்காதாம். அவர் போன பிறகு மூடி வைக்க மனமில்லாமல் நீங்கள் பழகிக்கொண்டீர்கள். எனக்கும் ஒரு சின்னக் குவளையில் கொடுத்தீர்கள். மருந்து அளவுக்குத்தான் இருந்தது. மேலே தேன் நிறத்தில் நுரை. ஒரு வாய் குடித்துவிட்டு, "அக்கா, இது பிள்ளைக்குக் குடுக்கிற கசாயம் லா" என்றேன். நீங்கள் கோபப்படவில்லை. சர்க்கரை டின்னை என் பக்கம் தள்ளினீர்கள். அன்று தொடங்கியது.

மகன் அனுப்பிய கொட்டை தீர்ந்துபோன சமயத்தில் நாம் பண்ணிய வேலை உங்களுக்கு நினைவிருக்கும். பாசாரில் சீனர் கடையில் கருகருவென்று பளபளக்கும் கொட்டையை நான் வாங்கி வந்தேன். காப்பிக் கொட்டை என்றால் காப்பிக் கொட்டைதானே என்று நீங்களும் கொட்டினீர்கள். மிஷின் கொஞ்ச நேரம் முனகியது, அப்புறம் நின்றுவிட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, என் மகனின் திருப்புளியை எடுத்து வந்து திறந்தால், பல் முழுக்கக் கரிப்பாகு. நம் ஊரில் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் போட்டு வறுப்பார்கள் என்பது பிறந்ததிலிருந்து நமக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் புத்தியில் வரவில்லை. சூடு ஏறியதும் சீனி உருகி, இரும்பும் கொட்டையும் ஒரே கட்டியாகிவிட்டது.

வெந்நீரை ஊற்றலாம் என்றேன். "ஊத்தினா துருப்பிடிக்கும் பிள்ளை, பிறகு மிஷினுக்குக் கருமாதிதான்" என்றீர்கள். கறி கோத்துச் சுடும் சாத்தே குச்சியைச் சீவி, ஆளுக்கொரு வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு, பல் பல்லாகச் சுரண்டினோம். பேன் பார்க்கிற மாதிரி இருந்தது. அன்றுதான் நீங்கள் வேலை பார்த்த வார்டுகளைப் பற்றிச் சொன்னீர்கள். நான் என் வீட்டுக்காரர் செத்த கதையைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லாத கதை.

அதற்குப் பிறகு மிஷின் நம் இருவருக்கும் பொதுவாகிவிட்டது. வாரத்துக்கொரு முறை மேல் வளையத்தைக் கழற்றி, பழைய பல் பிரஷ்ஷால் தட்டி, காய்ந்த துணியால் துடைப்போம். திரும்ப மாட்டும்போது மரை கோணாமல் கையாலேயே பார்த்துப் பார்த்துத் திருக வேண்டும். கழற்றி மாட்டிய பிறகு வரும் முதல் அரைவையைக் குடிக்கக் கூடாது, ரோஜாச் செடிக்குப் போட வேண்டும். நைசாக்கவும் பெரிதாக்கவும் வெளியே ஒரு வளையம் இருந்ததே, அதில் எழுதியிருந்த நம்பரெல்லாம் தேய்ந்துபோனது. அதனால் சத்தத்தை வைத்தே பழகினோம். நைசாக ஆக ஆகச் சத்தம் மெலிந்து கீச்சென்று போகும். மழை நாளில் கொட்டை ஈரம் வாங்கிக்கொள்ளும், தூள் கட்டிக்கொண்டு தண்ணீரை விடாது. அன்றைக்கு வளையத்தை ‘டக்’கென்று கேட்கும்படி ஒரு சொடுக்குத் தளர்த்த வேண்டும். வெயில் வந்தால் ஒரு சொடுக்கு இறுக்கம்.

நேரம் பார்க்க உங்களுக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. சுவிட்சைத் தட்டிவிட்டுப் பரமண்டல ஜெபத்தை நிதானமாகச் சொல்வீர்கள். ஆமென் சொல்வதற்குள் குவளை நிறைந்துவிட்டால் அரைவை பெரிது. ஆமென் முடிந்தும் சொட்டிக்கொண்டிருந்தால் ரொம்ப நைசு. காலையில் மாரியம்மன் படத்துக்கு ஊதுபத்தி வைத்துவிட்டு வருகிற எனக்கு, கேட்டுக் கேட்டே அந்த ஜெபம் மனப்பாடமாகிவிட்டது. "ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளா?" என்று ஒருநாள் கேட்டேன். கோப்பி நல்லா வந்தால் ஒருத்தரும் கோபிக்க மாட்டார்கள் என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகனிடமிருந்து போன் வரும். அவருக்கும் உங்களுக்கும் ஒரு பேச்சு இருந்தது. உங்கள் காரியத்தை நீங்களே பார்த்துக்கொள்ளும் வரை இங்கே இருக்கலாம், முடியாமல் போனால் மெல்பர்னுக்குப் போய்விட வேண்டும். அதனால் அவர் முதலில் கேட்பது, "இன்றைக்குக் கோப்பி போட்டீங்களா?" என்பதுதான். போட்டேன் என்பீர்கள். உங்கள் சர்ச், ரோஜாச் செடிகள், வீட்டுக்காரரின் கல்லறை எல்லாம் இந்த ஊரில். போக மனமில்லை என்று வாய் திறந்து சொன்னதில்லை. போனை வைத்துவிட்டு நேராக ரோஜாச் செடிகளிடம் போவீர்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பிறகு உங்கள் விரல்கள் மடங்க மறுத்தன. கணுக்கள் வீங்கின. முதலில் மரை திருக முடியவில்லை, அதை நான் வாங்கிக்கொண்டேன். அடுத்து வளையம் திருப்ப முடியவில்லை, அதையும் நானே செய்தேன். அரிசி களைவது, சட்டை பொத்தான், மருந்துப் புட்டி மூடி எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நீங்கள் கேட்கவும் இல்லை, நான் சொல்லிக்காட்டவும் இல்லை. என் வீட்டில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பியதும் வந்துவிடுவேன். மகனிடம் "போட்டேன்" என்று நீங்கள் சொல்வது பொய்யில்லை என்றுதான் நான் நினைத்தேன். இரண்டு பேர் போட்டால் போட்டது இல்லையா?

இப்போது என் பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். பெருமைக்குச் சொல்கிறாள் என்று யார் நினைத்தாலும் கவலையில்லை, பெருமைதான். எங்கள் தோட்டத்து லயத்தில் பிறந்த வம்சத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் அவள். பட்டமளிப்புக்குப் பாட்டி வந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எனக்கென்று ஊதா நிறத்தில் சேலைகூட எடுத்து வைத்திருந்தாள். வேன் பேசியாகிவிட்டது. காஜாங்கில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு வாரம் தங்குவதாகத் திட்டம். அதே வாரத்தில்தான் உங்கள் மகன் உங்களைப் பார்த்து முடிவு பண்ண வருவதாகச் சொன்னார்.

நான் போய்விட்டால் வளையத்தை யார் திருப்புவது? யோசித்துப் பார்த்துவிட்டு எனக்கு மூட்டுவலி என்று வீட்டில் சொல்லிவிட்டேன். வேனில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது, நீங்கள் போய் வாருங்கள் என்றேன். பேத்தி போனில் அழுதாள். நான் அசையவில்லை. வீட்டில் நொண்டிக்கொண்டும், அவர்கள் வேலைக்குக் கிளம்பியதும் நேராகவும் நடந்தேன்.

உங்கள் மகன் வந்து இறங்கிய அன்று சாயங்காலமே, அவர் குளிக்கப் போன சமயம் பார்த்து வளையத்தைச் சரியாக வைத்தேன். கொட்டை, குவளை எல்லாம் கைக்கு எட்டும்படி வைத்தேன். காலையில் நீங்கள் சுவிட்சைத் தட்டினால் போதும். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது.

படுக்கையில் கிடந்துகொண்டே நினைத்தேன், ஒரு சொடுக்குத் தளர்த்த வேண்டுமே என்று. மருமகள் வேலைக்குக் கிளம்பும்வரை பொறுத்திருந்து, நனைந்துகொண்டே வந்தேன். உங்கள் மகன் கைலி கட்டிக்கொண்டு சமையலறை நிலையில் சாய்ந்து நின்றார். நீங்கள் அரைக்கத் தொடங்கியிருந்தீர்கள். சத்தம் கீச்சென்று போனது. நீங்களும் கேட்டீர்கள், உங்கள் புருவம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் தூளை அழுத்தி, மாட்டி, சுவிட்சைத் தட்டி, ஜெபத்தைத் தொடங்கினீர்கள். ஆமென் வந்தபோது குவளையில் இரண்டு சொட்டு, தார் மாதிரி.

தூளைத் தட்டிக் கொட்டிவிட்டு வளையத்தைப் பிடித்தீர்கள். விரல் வழுக்கியது. திரும்பப் பிடித்தீர்கள். நான் படியேறிக் கையை நீட்டிவிட்டேன். ஒரு சொடுக்குதான், பேச்சோடு பேச்சாகத் திருப்பிவிட்டு வந்திருப்பேன், அவர் கவனித்தே இருக்க மாட்டார்.

"விடும் பிள்ளை" என்றீர்கள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "தம்பி, இந்த வளையத்தை என்னால திருப்பேலாது. கனநாளா இவதான் எனக்குக் கை. நான் உன்னட்டை வாறன்."

அவர் என்னைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். நிலையை விட்டு வந்து வளையத்தைத் திருப்பினார். எதிர்ப்பக்கம் திருப்பினார். "அந்தப் பக்கம் இல்ல தம்பி" என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் காப்பியை மூன்று பேரும் குடித்தோம், ருசி எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

எனக்கு ஆத்திரம், அக்கா. இவ்வளவு நாள் காப்பாற்றி வைத்ததை ஒரு வார்த்தையில் போட்டு உடைத்துவிட்டீர்களே என்று முகம் கொடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மழை விட்ட பிறகு நீங்களே லோங்காங் ஓரம் வந்து நின்றீர்கள்.

"கால்வலி எப்பிடி?" என்றீர்கள்.

என் மருமகள் தைலம் கேட்டு உங்களிடம் வந்தாளாம். அத்தைக்கு மூட்டுவலி, பேத்தி பட்டம் வாங்குவதைப் பார்க்க வரமாட்டார் என்று சொல்லிக் கண் கலங்கினாளாம். தினமும் லோங்காங்கைத் தாண்டிக் குதித்து வருகிறவளுக்கு என்ன மூட்டுவலி என்று உங்களுக்குப் புரிந்துபோனது.

"நீங்க போயிட்டா நான் என்ன செய்வேன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டேன்.

"நினைச்சன். உமக்கு இஞ்ச வர மட்டுந்தான் ஏலுது, ஒரு நாளைக்கு வராமல் இருக்க ஏலாமல் போச்சு. அப்பிடி ஒருத்தரைக் கட்டி வைச்சுக்கொண்டு நான் இந்த வீட்டில இருக்கிறது சரியில்லைப் பிள்ளை. நாளைக்கு வேனில ஏறும்."

ஏறினேன். மண்டபத்தின் பின்வரிசையில் ஊதாச் சேலையோடு உட்கார்ந்திருந்தேன். தொப்பி போட்ட பிள்ளைகளில் எது எங்கள் பிள்ளை என்று மகன் காட்டினான். எனக்கு அதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது, அவள் நடை எங்கள் அம்மாவின் நடை. நெஞ்சு கொள்ளவில்லை. இதை உங்களிடம் வந்து எப்படிச் சொல்வது என்று திரும்பும் வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தேன். சொன்னேன். நீங்கள் பெட்டி அடுக்கிக்கொண்டே இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டீர்கள்.

மிஷின்களை என் வீட்டில் வைத்துவிட்டு, தீபாவளிக்கு முன்பே போய்விட்டீர்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை போன் எங்கள் வீட்டுக்கு வந்தது. அந்த ஊரில் தெருவுக்குத் தெரு நல்ல கோப்பிக் கடை, ஆனால் ஆராவது போட்டுத் தாறதைக் குடிக்கிறதுதான் என்றீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் உங்கள் குரல் இல்லை, மகனின் குரல் இருந்தது.

மிஷினைத் துடைத்து மாட்டிவிட்டேன். கொட்டை பேத்தி வாங்கி வருவது, கே.எல். பட்டணத்தில் இருந்து. வீட்டில் மற்றவர்கள் பாக்கெட்டை வெட்டிச் சுடுதண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு ஓடுகிறார்கள். அவர்கள் போன பிறகு நான் எனக்கு மட்டும் போட்டுக்கொள்கிறேன்.

அன்றைக்கு லோங்காங் ஓரத்தில் நீங்கள் எனக்குக் கொடுத்த விடுதலை இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பேத்தி வா என்றால் போய் ஒரு வாரம் தங்குகிறேன். மகன் மஸ்ஜித் தானா பக்கம் கடலுக்குப் போகலாம் என்றால் ஏறி உட்கார்கிறேன். யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, எவருடைய காலைக் காப்பியும் என்னால் நின்றுபோவதில்லை. வராமல் இருக்க எனக்கு இப்போது நன்றாக முடிகிறது, அக்கா. இன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் ஒரு வீடு இல்லை.