எட்டு வாக்கியங்கள்

ஜூன் 9, செவ்வாய்
தலைமையாசிரியை அறையில் இருந்தவர்கள்: அவர், ஆலோசகர், என் வீட்டுக்காரர், மகள், நான். ஐந்து பேர். மகளிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஆர்வம், தன்னம்பிக்கை, கவனம் — எல்லாவற்றையும் அளந்துவிட்டாராம் ஆலோசகர். இருபது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்துவரை மாணவர்களே எண் போட்டது; ஒன்று என்றால் இல்லவே இல்லை, ஐந்து என்றால் முழுக்க உண்மை. "அறுபது வேணும்மா. உங்க பொண்ணு ஐம்பத்தஞ்சு. கணக்குப்பதிவியல் ஒத்துவராது. வெள்ளிக்கிழமையோட வேற பிரிவுக்கு மாத்திடலாம்."

இரு பக்கக் கூட்டலும் ஒத்துப்போகாமல் சாப்பிட எழாத பெண். அவளுக்கு ஆர்வம் இல்லையாம்!

"அந்தத் தாளைக் கொடுங்க."

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா."

நான் பாதியில் படிப்பை விட்டவள்தான். மகளின் புத்தகத்தை வைத்தே கணக்குப்பதிவியல் முழுதும் கற்றேன். நகல் கைக்கு வரும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை.

ஜூன் 10
மூன்று முறை கூட்டினேன். ஐம்பத்தைந்தேதான். சே.
வீட்டுக்காரர்: "மளிகை நோட்டு எழுதுறவ, படிச்ச ஆளோட மல்லுக்கு நிக்கிறியே!" கடவுளே, என் நாக்கைக் கட்டிப் போடு.

ஜூன் 11
பிரார்த்தனையில் பாதியில் எழுந்தேன், மன்னித்துக்கொள். 'இந்த வகுப்பு என்றாலே பயம்' — ஒன்று போட்டிருக்கிறாள். பயமில்லை என்பவளுக்கு ஒரு மதிப்பெண், நடுங்குகிறவளுக்கு ஐந்தா? பற்றில் வரவேண்டியதை வரவில் ஏற்றியிருக்கிறான், பாவி! இப்படி எட்டு வாக்கியங்கள். ஒன்றை ஐந்தாகவும் ஐந்தை ஒன்றாகவும் திருப்பி எண்ண வேண்டும்.

ஏழில் ஒன்று போட்டிருந்தாள், ஏழும் ஐந்தாகத் திரும்பின. எட்டாவது: 'பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால் கவனம் சிதறுகிறது.' ஐந்து. ஓரத்தில் பென்சிலில், பொடி எழுத்தில் — அம்மா.

தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தேனே. அதுவா?

இதை மட்டும் திருப்பாமல் விட்டுவிட்டால் எண்பத்து மூன்று. பொய்க் கணக்கு எழுத மாட்டேன். எழுபத்தொன்பது.

ஜூன் 12
பள்ளிக்குப் போய் எட்டு வாக்கியங்களையும் காட்டினேன். ஆலோசகர் முகம் வெளிறியது. "கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது இந்த எட்டையும் திருப்ப விட்டுப்போச்சு."
"இன்னும் எத்தனை பிள்ளைங்களை மாத்தினீங்க?"
"பதினொன்னு."
அத்தனை தாளையும் என் கண்ணெதிரே திருப்பி எண்ண வைத்தேன். தண்ணீர்கூடக் குடிக்க விடவில்லை.

ஜூன் 14
மகள் அதே வகுப்பில். இன்று அவள் மேசைப் பக்கம் போகவில்லை, அடுப்படியிலேயே நின்றேன். அவள் புத்தகத்துக்குள் சீட்டு வைத்திருக்கிறேன்:

'நான் பக்கத்தில் உட்காரட்டுமா? ஒன்று முதல் ஐந்துவரை போடு. கோபிக்க மாட்டேன். சீக்கிரம் பதில் சொல்.'